கல்யாண ஃபுட்டேஜுக்கு ஒரு பூட்டு: வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட்டிங் ப்ராஜெக்டைக் குறியாக்கம் செய்யும் வழி

காரைக்குடியில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கேமரா பிடிப்பதில்லை. போட்டோகிராபர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்; டீசர், ஹைலைட்ஸ், முழு நீள வீடியோ என்று வெட்டிக் கொடுப்பது என் வேலை. எனக்கு ஆர்டர் வருவதற்கு நான் பெண் என்பதும் ஒரு காரணம். பெண் வீட்டார் சொல்லியே அனுப்புகிறார்கள்: "அலங்கார ரூம்ல எடுத்ததெல்லாம் அந்த அக்காகிட்டயே குடுங்க, வேற யாரும் பார்க்க வேண்டாம்."

சில வருடம் முன்பு, சரியாகத் தை முகூர்த்த நெருக்கடியில், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் போய்விட்டது. கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது அங்கே வேலை பார்த்த பையன், "அக்கா, அந்த மாம்பழக் கலர் பட்டுக் கல்யாணம் உங்க சொந்தக்காரங்களா? சிஸ்டம் ஒழுங்கா ஓடுதான்னு ஒரு வீடியோ போட்டுப் பார்த்தேன்" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வெள்ளந்தியாகத்தான் சொன்னான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அந்தக் கல்யாணத்தின் ஃபுட்டேஜ் முழுவதையும் இரண்டு மாதம் முன்பே அழித்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் அது இருக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து தேடினேன். ஃபுட்டேஜ் போயிருந்தது, ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும், "ஏதாவது மாற்றச் சொல்வார்கள்" என்று வைத்திருந்தேன். அதன் பக்கத்திலேயே, நான் எடிட் செய்யும் மென்பொருளான பிரீமியர் ப்ரோ உண்டாக்கிய ப்ரிவியூ ஃபோல்டர் இருந்தது. டைம்லைன் சிக்காமல் ஓட வேண்டும் என்று நான் அவ்வப்போது ரெண்டர் போடுவேன் அல்லவா, அந்தத் துண்டுகள். ஒவ்வொன்றும் தனி வீடியோ. டபுள் கிளிக் செய்தால் ஓடுகிறது. புடவை கட்டி முடிக்காத காட்சியும் அதில் ஒன்று.

அந்த வருடம் ஆடி மாதம், கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து உட்கார்ந்து செய்த ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். பூட்டுப் போடுவது ஒரு மணி நேர வேலைதான். எதையெல்லாம் பூட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதலில் எங்கெல்லாம் சிந்திக் கிடக்கிறது என்று பார்ப்போம். ப்ராஜெக்ட் ஃபைலில் வீடியோ இல்லையே, வெறும் வெட்டுக் கணக்குதானே என்று நினைப்போம். பிரீமியரின் ப்ராஜெக்ட் ஃபைல் என்பது சுருக்கி வைத்த எக்ஸ்.எம்.எல் எழுத்துதான். செவன் ஜிப் என்ற, ஃபைல்களைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள் வைத்து அதைப் பிரித்து நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கிளிப்பும் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, நீங்கள் மார்க்கரில் என்ன எழுதினீர்கள், டைட்டிலில் என்ன பெயர் போட்டீர்கள் எல்லாம் தெரியும். நான் மார்க்கரில் "மாமியார் முகம் சரியில்லை, வெட்டு" என்றெல்லாம் எழுதுகிறவள். கேடென்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்களின் ஃபைல் சுருக்கக்கூட இல்லை, நேராகவே படிக்கலாம்.

அடுத்தது கேஷ், அதாவது வேகமாக ஓடுவதற்காக மென்பொருள் தானே சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள். பிரீமியர் தன் மீடியா கேஷை, நீங்கள் மாற்றாதவரை, சி டிரைவில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், சாதாரணமாகக் கண்ணில் படாத ஆப்டேட்டா என்ற இடத்தில் வைக்கிறது. கிளிப்பில் இருக்கும் பேச்சு, பாட்டு எல்லாம் தனி ஆடியோவாக அங்கே உட்கார்ந்திருக்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இன்னும் ஒரு சங்கதி. அதில் ப்ராஜெக்ட் என்பது நீங்கள் 'சேவ்' செய்யும் ஃபைலே இல்லை. ப்ராஜெக்ட் லைப்ரரி என்ற டேட்டாபேஸுக்குள் போகிறது. அதுவும் இயல்பாக அதே ஆப்டேட்டாவுக்குள்தான். டெஸ்க்டாப்பில் கல்யாண ஃபோல்டரைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்போம். ப்ராஜெக்ட் மொத்தமும் வேறு அறையில் திறந்து கிடக்கும். போதாக்குறைக்கு விண்டோஸும் தன் பங்குக்குக் குட்டிப் படங்களைத் தம்ப்நெயிலாகச் சேர்த்து வைத்திருக்கும்.

சரி, எதை வைத்துப் பூட்டுவது?

விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால், டிஸ்க் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் உள்ளேயே இருக்கிறது. ஹோம் பதிப்பில் பிட்லாக்கரின் முழு வசதி கிடையாது; பல புது லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அதன் எளிய வடிவம் இருக்கும். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் போய்ப் பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடினால் அதன் 48 இலக்க ரெகவரி கீயை இன்றே தாளில் எழுதி வையுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். மதர்போர்டை மாற்ற நேர்ந்தால் திரையில் அந்த எண்ணைத்தான் கேட்கும். அப்போது கணக்கின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் டிஸ்க்கை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் இது மட்டும் என் பிரச்சினையைத் தீர்க்காது. வீடு புகுந்து ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் பிட்லாக்கர் காப்பாற்றும். ரிப்பேர் கடையில் என்ன ஆகும்? "லாகின் பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா, செக் பண்ணணும்" என்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் பூட்டு திறந்துவிடும். வீட்டிலும் அப்படியே. என் கம்ப்யூட்டரில் பையன் ஆன்லைன் வகுப்பு படித்திருக்கிறான், நாத்தனார் டிக்கெட் போட்டிருக்கிறார். விண்டோஸ் திறந்திருக்கும்போதும் வேலைச் சாமான் மட்டும் தனியாகப் பூட்டியிருக்க வேண்டும். வீட்டுக் கதவுக்குப் பூட்டு இருந்தாலும் பீரோவுக்குத் தனிச் சாவி வைக்கிறோமே, அது மாதிரி.

அதற்கு நான் எடுத்துக்கொண்டது வெராகிரிப்ட். இலவசம். ட்ரூகிரிப்ட் என்று முன்பு ஒன்று இருந்தது. அதன் நிரலை எடுத்து 2013-இல் தொடங்கியது இது. 2014 மே மாதம் ட்ரூகிரிப்டை அதைச் செய்தவர்களே நிறுத்திவிட்டார்கள், எனவே பழைய வீடியோக்களில் அதைச் சொல்லிக்கொடுத்தால் கேட்க வேண்டாம். வெராகிரிப்டை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

ஒரு பெட்டி செய்வோம். வெராகிரிப்டைத் திறந்து 'கிரியேட் வால்யூம்' அழுத்தினால் மூன்று வழி காட்டும். முதலாவது, ஃபைல் கன்டெய்னர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய ஃபைல். பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தால் புது டிரைவ் ஒன்று முளைக்கும். அதைத் தேர்ந்து, அடுத்த பக்கத்தில் 'ஸ்டாண்டர்டு' என்பதை எடுங்கள். 'ஹிடன்' என்று இன்னொன்று இருக்கிறது, பெட்டிக்குள் ரகசியப் பெட்டி. துப்பறியும் கதைக்கு நன்றாக இருக்கும். கல்யாண எடிட்டருக்குத் தேவையில்லை. கவனக்குறைவாக இருந்தால் வெளிப்பெட்டியில் எழுதுவது உள்பெட்டியை அழித்துவிடும்.

பெட்டியை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்கும். வேகமான எஸ்.எஸ்.டி-யில் வையுங்கள். பெயர் 'கல்யாணம்' என்று வைக்க வேண்டாம். அடுத்து அல்காரிதம். ஏ.இ.எஸ் என்றும் எஸ்.ஹெச்.ஏ-512 என்றும் தானாகவே இருக்கும், தொடாதீர்கள். ஏ.இ.எஸ் 2001 முதல் அமெரிக்க அரசின் தரநிலை. மூன்று அல்காரிதத்தை அடுக்கி வைக்கும் வாய்ப்பும் பட்டியலில் இருக்கிறது. நான் ஆசைப்பட்டு ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், டைம்லைன் மாட்டுவண்டி ஆகிவிட்டது. ஏ.இ.எஸ் மட்டும் வேகமாக இருப்பதற்குக் காரணம், 2010-க்குப் பிறகு வந்த பெரும்பாலான ப்ராசஸர்களில் அந்தக் கணக்கைப் போடவே தனி வசதி உண்டு. 'டூல்ஸ்' மெனுவில் 'பெஞ்ச்மார்க்' இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். விநாடிக்கு ஒரு ஜி.பி-க்கு மேல் காட்டினால் கவலையே இல்லை. சாதா ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 150 எம்.பி கொடுத்தாலே பெரிது. பூட்டு அதற்குத் தடையாகாது. மிக வேகமான என்.வி.எம்.இ டிஸ்க்கில் வேகம் குறைவது டெஸ்ட் போட்டால் தெரியும். என் வேலையில் உறுத்தவில்லை.

அளவு. நான் 200 ஜி.பி வைத்தேன். இதில் ஃபுட்டேஜ் வைக்கப் போவதில்லை, ப்ராஜெக்டும் கேஷும் ப்ரிவியூவும் மட்டும்தான். ஃபுட்டேஜ் கணக்கு வேறு: 100 மெகாபிட்டில் எடுத்த 4கே வீடியோ மணிக்கு 45 ஜி.பி. இரண்டு கேமரா, ஆளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஒரே கல்யாணம் 450 ஜி.பி. அதற்கு இந்தப் பெட்டி தாங்காது, அதைப் பின்னால் பார்ப்போம். பெட்டி சிறிதாகிவிட்டால் 'வால்யூம் எக்ஸ்பாண்டர்' என்ற கருவி வைத்துப் பெரிதாக்கலாம், பயமில்லை.

பாஸ்வேர்டுக்குப் பிறகு, 4 ஜி.பி-க்கு மேற்பட்ட ஃபைல்களை உள்ளே வைப்பீர்களா என்று கேட்கும். 'யெஸ்' சொல்லுங்கள். இங்கே 'நோ' சொல்லிவிட்டு, நீளமான எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கும்போது தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபைல் சிஸ்டம் என்.டி.எஃப்.எஸ் எடுங்கள். எக்ஸ்ஃபாட்டில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏடு, கிடையாது. நம் ஊர் மின்வெட்டுக்கு என்.டி.எஃப்.எஸ்தான் கொஞ்சமாவது தாங்கும். அப்புறம் மவுஸை அந்த விண்டோவுக்குள் இஷ்டத்துக்கு ஆட்டச் சொல்லும். விளையாட்டில்லை, அந்த ஆட்டத்திலிருந்துதான் சாவிக்கான தற்செயல் எண்களைப் பொறுக்குகிறது. பட்டை பச்சையாகும்வரை ஆட்டுங்கள். பிறகு 'ஃபார்மேட்'.

இனி திறப்பது. முதல் திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்கும். நான் 'வி' எழுத்தைத் தேர்ந்து, பெட்டி ஃபைலைக் காட்டி, 'மவுண்ட்' அழுத்துவேன். பாஸ்வேர்டு கொடுத்தபின் சில விநாடி யோசிக்கும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், திருட்டுத்தனமாக ஆயிரம் பாஸ்வேர்டு முயற்சி செய்பவனுக்கு அது ஆயிரம் மடங்கு தாமதம். 'பி.ஐ.எம்' என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

எழுத்து விஷயத்தில் கவனம். இன்று 'வி', நாளை 'எக்ஸ்' என்று மாற்றித் திறந்தால் பிரீமியர் பெட்டிக்குள் இருக்கும் கிளிப்பையெல்லாம் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாகக் காட்டும். ஒரே எழுத்தை நிரந்தரமாக வைக்க, பெட்டி திறந்திருக்கும்போது 'ஃபேவரிட்ஸ்' மெனுவில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது சிந்திக் கிடப்பதை எல்லாம் உள்ளே அள்ள வேண்டும். பிரீமியரில் 'ப்ரிஃபரன்ஸஸ்' போய் 'மீடியா கேஷ்' பக்கத்தில் இரண்டு இடம் கேட்கும், கேஷ் ஃபைலுக்கு ஒன்று, கேஷ் டேட்டாபேஸுக்கு ஒன்று. இரண்டையும் வி டிரைவுக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். பழையதை அழிக்கும் பட்டனும் அதே பக்கத்தில் இருக்கிறது. அடுத்து 'ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்' உள்ளே 'ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்'. அங்கே வீடியோ ப்ரிவியூ, ஆடியோ ப்ரிவியூ, ஆட்டோ சேவ் எல்லாவற்றுக்கும் 'சேம் அஸ் ப்ராஜெக்ட்' வைத்துவிட்டால், ப்ராஜெக்ட் ஃபைல் வி-யில் இருக்கும்வரை அவையும் வி-யில் இருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வைத்து டைட்டில் செய்பவர்கள் அதன் டிஸ்க் கேஷையும் மாற்ற வேண்டும், அது தனி.

ரிசால்வில் முதலில் ப்ராஜெக்ட் மேனேஜரைத் திறந்து, பக்கத்துப் பலகையில் புது ப்ராஜெக்ட் லைப்ரரி ஒன்றை வி டிரைவில் உண்டாக்குங்கள். பழைய லைப்ரரியில் உள்ள ப்ராஜெக்டுகளை ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்ய வேண்டும். அலுப்பான வேலை, பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம். பிறகு ஒவ்வொரு ப்ராஜெக்ட் செட்டிங்ஸிலும் 'வொர்க்கிங் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் கேஷ், ப்ராக்ஸி (எடிட்டுக்கான சிறு நகல்கள்), கேலரி ஸ்டில்ஸ் மூன்றையும் வி-க்கு மாற்றுங்கள். கேலரியை மறந்துவிடாதீர்கள். கலர் கிரேடுக்காகப் பிடித்து வைத்த ஸ்டில்கள் அத்தனையும் மணப்பெண் முகம்தான். கடைசியாக, யூசர் ப்ரிஃபரன்ஸில் ப்ராஜெக்ட் பேக்கப் எங்கே போகிறது என்று பாருங்கள்.

இதற்கப்புறம் பழக்கம் ஒன்று வர வேண்டும்: முதலில் பெட்டி, பிறகு மென்பொருள். பெட்டியைத் திறக்காமல் எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால், வி டிரைவைக் காணாமல் அது கேஷைப் பழைய இடத்துக்கே கொண்டுபோக வாய்ப்பு உண்டு. மாதம் ஒருமுறை நான் கேஷ் எங்கே போகிறது என்று எட்டிப் பார்ப்பேன். முடிக்கும்போது தலைகீழ்: மென்பொருளை மூடி, பிறகு பெட்டியை மூட வேண்டும். "ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது, வலுக்கட்டாயமாக மூடவா" என்று கேட்டால் 'நோ'. ஏதோ இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வெராகிரிப்ட் ப்ரிஃபரன்ஸில், ஸ்லீப் போகும்போது தானாக மூடும்படி வைக்கலாம். ஆனால் ஃபைல் திறந்திருந்தாலும் வலுக்கட்டாயமாக மூடு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை இட்லி மாவு அரைத்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு மணி நேர மல்டிகேம் வெட்டு காற்றோடு போயிருந்தது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் நிறுத்தியிருக்கிறேன். அது ஷட் டவுன் என்று சொல்லிவிட்டு, நினைவிலிருந்ததில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைக்கிற ஏற்பாடு.

ஃபுட்டேஜ் டிஸ்க்குகளுக்கு வருவோம். 4 டி.பி டிஸ்க்கில் கன்டெய்னர் போடுவதைவிட, பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) முழுவதையும் பூட்டுவது எளிது. ப்ரோ பதிப்பு இருந்தால் டிஸ்க் மேல் ரைட் கிளிக் செய்து பிட்லாக்கரை இயக்கினால் முடிந்தது. அப்படிப் பூட்டிய டிஸ்க்கை ஹோம் பதிப்பிலும் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம் என்பதால் போட்டோகிராபருடன் பரிமாறிக்கொள்ள வசதி. நான் ஹோம் வைத்திருப்பதால் வெராகிரிப்டின் இரண்டாவது வழி, அதாவது சிஸ்டம் அல்லாத பார்ட்டிஷன். புது டிஸ்க் என்றால் 'குவிக் ஃபார்மேட்' டிக் செய்து சீக்கிரம் முடிக்கலாம். ஏற்கெனவே கல்யாணங்கள் கிடந்த ஹார்டு டிஸ்க் என்றால் டிக் வேண்டாம். முழுவதும் தாறுமாறான எண்களை எழுதி நிரப்பும், பழையதை ரெகவரி மென்பொருள் போட்டாலும் எடுக்க முடியாது. 2 டி.பி-க்கு நாலைந்து மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஃபுட்டேஜை அழிக்காமலே பூட்டும் வழியும் இருக்கிறது, ஆனால் இன்னொரு பிரதி கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். யு.பி.எஸ் இல்லாத வீட்டில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாஸ்வேர்டு பற்றி. வெராகிரிப்ட் 20 எழுத்துக்கு மேல் எதிர்பார்க்கிறது. நான் செய்தது: கண்ணை மூடிக்கொண்டு பழைய அகராதியைப் புரட்டி, விரல் பட்ட சொற்களில் ஆறு. முருங்கை, பத்தாயம், கொசுவம் என்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. பிள்ளை பெயரும் கல்யாணத் தேதியும் எல்லோரும் ஊகிப்பது. சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுகிறேன், ஏனென்றால் தமிழ் விசைப்பலகை எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. அதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. முதலில் எடுத்த சொற்களில் ஒன்று தாழ்ப்பாள். 'ழ'வுக்கு இரண்டு எழுத்தா ஒன்றா, கடைசி 'ள்' ஒற்றையா இரட்டையா, 'தா'வுக்கு 'ஹெச்' உண்டா என்று அரை மணி நேரம் என் பெட்டிக்கு வெளியே நானே நின்றேன். சொல்லை மட்டுமல்ல, எழுத்துக்கூட்டலையும் தாளில் எழுதி வையுங்கள். 'ழ' இல்லாத சொல்லாக எடுப்பது இன்னும் உத்தமம்.

அந்தத் தாள் கம்ப்யூட்டர் மேஜையில் இருக்கக் கூடாது. என்னுடையது ஒட்டிய கவரில், அக்கா வீட்டு பீரோவில், நகை ரசீதுகளோடு இருக்கிறது. பாஸ்வேர்டு போனால் திறந்து கொடுக்க எந்தக் கடையாலும் முடியாது. எனக்கு ஏதாவது ஆனால் நான்கு குடும்பத்துக் கல்யாண வீடியோ அதற்குள் மாட்டிக்கொள்ளும் என்பதால் வீட்டுக்காரருக்கும் கவர் இருக்கும் இடம் தெரியும்.

பேக்கப்பில் ஒரு பொறி. வெராகிரிப்ட் பெட்டிக்குள் நீங்கள் எவ்வளவு வேலை செய்தாலும் வெளியே அந்த ஃபைலின் மாற்றத் தேதியை அப்படியே பழையபடி காட்டும், இயல்பாகவே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தேதியைப் பார்த்துப் பிரதி எடுக்கும் பேக்கப் மென்பொருள், "இது மாறவில்லையே" என்று தாண்டிப் போய்விடும். ப்ரிஃபரன்ஸில் 'மாடிஃபிகேஷன் டைம்ஸ்டாம்ப்' பற்றிய டிக்கை எடுத்தால் சரியாகும். நான் வேறு வழியாகப் போகிறேன். தினமும் 200 ஜி.பி-யை நகல் எடுப்பதற்குப் பதில், பெட்டியைத் திறந்து, ப்ராஜெக்ட் ஃபைல்களை மட்டும் இன்னொரு டிஸ்க்கில் உள்ள 10 ஜி.பி குட்டிப் பெட்டிக்குள் போடுகிறேன். கேஷை யார் பேக்கப் எடுப்பார்கள்? வாரக் கடைசியில் அதே ப்ராஜெக்டுகளைச் செவன் ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கி ஆன்லைன் டிரைவில் ஏற்றுகிறேன். செவன் ஜிப்பில் '7இசட்' வடிவத்தைத் தேர்ந்து, ஃபைல் பெயரையும் மறைக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போகாமலே மணமக்கள் பெயர் பட்டியலில் தெரியும். வேறு எடிட்டருக்குக் கிளிப் அனுப்பவும் இதுவே போதும். வீடியோ ஏற்கெனவே சுருங்கியது, 'ஸ்டோர்' என்று வைத்தால் சீக்கிரம் முடியும். பாஸ்வேர்டை அதே வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் போனில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் எடுத்து வைக்க வேண்டும்: வால்யூம் ஹெடர். பெட்டியின் உண்மையான சாவி அதன் தலைப்பகுதியில்தான் இருக்கிறது. அந்தச் சிறு பகுதி கெட்டால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திறக்காது. 'டூல்ஸ்' மெனுவில் 'பேக்கப் வால்யூம் ஹெடர்' இருக்கிறது. ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் புது ஹெடரை எடுத்துப் பழையதை அழித்துவிடுங்கள், ஏனென்றால் பழைய ஹெடர் பழைய பாஸ்வேர்டுக்குத் திறக்கும்.

இது ஏன் தெரியுமா? முழுப் பார்ட்டிஷனையும் பூட்டிய டிஸ்க்கைச் சொருகினால், விண்டோஸுக்கு அது என்னவென்றே புரியாது. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று நல்லபிள்ளையாகக் கேட்கும். என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தவன், சினிமா காப்பி செய்ய டிஸ்க் தேடி, சொருகி, 'யெஸ்' அழுத்திவிட்டான். "சித்தி, டிஸ்க் கெட்டுப் போயிருந்துச்சு, நான் சரி பண்ணிட்டேன்" என்று பெருமையாக வேறு சொன்னான். கை கால் ஆடிப்போயிற்று. வெராகிரிப்ட் பார்ட்டிஷனின் கடைசியில் ஹெடரின் ஒரு பிரதியைத் தானே வைத்திருக்கிறது. 'ரிஸ்டோர் வால்யூம் ஹெடர்' போய் உள்ளேயுள்ள அந்தப் பிரதியிலிருந்து மீட்டேன். பாஸ்வேர்டு ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான கிளிப்கள் வந்தன, ரிசப்ஷனில் சில வரவில்லை. போட்டோகிராபர் அண்ணன் இன்னும் மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

அன்றே இரண்டு காரியம் செய்தேன். டிஸ்க் மேனேஜ்மெண்டில் போய் அந்தப் பார்ட்டிஷனுக்கு விண்டோஸ் கொடுத்திருந்த டிரைவ் எழுத்தை நீக்கினேன். இப்போது சொருகினால் ஃபார்மேட் கேள்வியே வருவதில்லை, வெராகிரிப்ட் வழியாக மட்டும் திறக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் மறுபடி கேட்கும் என்பதால், டிஸ்க்குகளின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, "ஃபார்மேட் கேட்டால் கேன்சல். என்னைக் கூப்பிடவும்" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன்.

டெலிவரி பென்டிரைவை நான் பூட்டுவதில்லை. அப்பத்தா டி.வி-யில் சொருகிப் பார்க்க வேண்டும், அவரிடம் போய் மவுண்ட் செய்யச் சொல்ல முடியுமா? கொடுத்தபின் அது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. என் பக்கம் ஆறு மாதம் வைத்திருந்து, போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கழித்துவிடுவேன். போன ஐப்பசியில் கம்ப்யூட்டர் மறுபடி கடைக்குப் போனது. பாஸ்வேர்டு கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஆடியில் நான்கு கல்யாணம் கழித்தேன். பழைய 1 டி.பி டிஸ்க் ஒன்று கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. முன்பானால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் உடைத்திருப்பேன். இந்த முறை டேப்பை மட்டும் கிழித்துவிட்டு, தெருவில் வந்த பழைய சாமான் வண்டியில் போட்டேன்.